ஜன்னல், காற்று, கொசு: வளர்ச்சி இலக்குகள் ஒன்றையொன்று தாங்குவதும் இடிப்பதும்

ஒரு திட்ட அறிக்கையைக் கையில் எடுத்தால் அட்டையிலேயே வண்ணச் சதுரங்கள் வரிசைகட்டி நிற்கும். சிவப்பு என்றால் வறுமை ஒழிப்பு, மஞ்சள் என்றால் எரிசக்தி, நீலம் என்றால் தண்ணீர். அடியில் ஒரு வரி: ‘இத்திட்டம் 9 நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்குத் துணைபுரிகிறது.’ ஒன்பது சதுரங்களை ஒட்டியவர், பத்தாவது ஒன்றை இதே திட்டம் கெடுக்கிறதா என்று பார்த்தாரா? பெரும்பாலும் இல்லை. அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இருக்காது.

விவாத மேடைகளுக்குப் போனால் கதை நேர்மாறு. ‘வளர்ச்சியா, சுற்றுச்சூழலா?’ என்று இரண்டு கட்சிகளை மோதவிடுவார்கள். அறிக்கையில் எல்லாமே இணக்கம், மேடையில் எல்லாமே மோதல். இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே தவறுதான் கிடக்கிறது: இலக்குகள் பிறக்கும்போதே நட்பாகவோ பகையாகவோ பிறந்தவை என்ற நினைப்பு. மோதுவது பெரும்பாலும் இலக்குகளை அடைய நாம் தேர்ந்தெடுத்த வழிகள். அந்த வழிகள் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன, எப்படி இடிக்கின்றன என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

## ஜன்னலில் தொடங்கலாம்

புழுக்கமான இரவு. படுத்திருப்பவருக்கு இரண்டு ஆசை: காற்று வர வேண்டும், கொசு வரக் கூடாது. ஜன்னலைத் திறந்தால் இரண்டும் வரும். மூடினால் இரண்டும் நிற்கும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதை.

சரி, ஜன்னலைத் திறந்துவைத்துக் கொசுவத்திச் சுருள் ஏற்றலாம். கொசு குறையும், காற்றும் வரும். ஆனால் அறையில் புகை. இதுவரை கணக்கிலேயே இல்லாத நுரையீரல் இப்போது கணக்குக்குள் வந்துவிட்டது. ஜன்னலை மூடி மின்விசிறி போட்டால் மின்கட்டணம் வரும். ஜன்னல் சட்டத்தில் கம்பிவலை அடித்தால்? ஒருமுறை செலவு, அவ்வப்போது தூசி தட்டும் வேலை, காற்றில் கொஞ்சம் குறைவு. ஆனால் கேட்ட இரண்டும் கிடைக்கும்.

காற்றுக்கும் கொசுவுக்கும் என்றைக்கும் பகை இல்லை. வலையில்லாத ஜன்னல்தான் அவற்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டது. முடிச்சு எங்கே என்று தெரிந்ததும் அதை அவிழ்க்க வழி கிடைத்தது. ஆனாலும் எந்த வழியும் இலவசமாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வலைக்கும் ஒரு விலை உண்டு.

## மூன்று அடுக்குகள்: இலக்கு, உள்இலக்கு, குறிகாட்டி

2015 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகள் சேர்ந்து 2030ஆம் ஆண்டுக்கான ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. அதில் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள் உள்ளன. சுருக்கமாக எஸ்டிஜி என்பார்கள். ஒவ்வோர் இலக்கும் பெரிய தலைப்பு மாதிரி: பசியின்மை, நல்ல உடல்நலம், தூய நீர். தலைப்பை வைத்துக்கொண்டு திட்டம் போட முடியாது என்பதால் அவற்றுக்குக் கீழே 169 உள்இலக்குகள் இருக்கின்றன. உள்இலக்கு என்பது செய்து முடிக்க வேண்டிய குறிப்பிட்ட வேலை. எடுத்துக்காட்டாக, 2.3 என்ற உள்இலக்கு சிறு விவசாயிகளின் விளைச்சலையும் வருமானத்தையும் இரட்டிப்பாக்கச் சொல்கிறது. 6.4 தண்ணீரைச் சிக்கனமாகவும், ஊற்று வற்றாத அளவிலும் எடுக்கச் சொல்கிறது. வேலை நடந்ததா என்று அளக்கும் புள்ளிவிவரத்துக்குக் குறிகாட்டி என்று பெயர்.

இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். ‘இலக்கு 2 இலக்கு 6உடன் முரண்படுகிறது’ என்ற வாக்கியத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பசியைப் போக்குவது எப்படித் தண்ணீருக்கு எதிரியாகும்? ‘ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்தை விரித்து 2.3ஐ அடையப் போனால், நிலத்தடி நீர் ஏற்கனவே இறங்கிவரும் பகுதியில் 6.4 பாதிக்கும்’ என்றால் அதில் பிடி இருக்கிறது. எந்த வழி, எந்த இடம், எந்த நிலைமை என்ற மூன்றும் அந்த வாக்கியத்தில் உள்ளன.

அந்தச் செயல்திட்டமே இலக்குகள் ‘ஒருங்கிணைந்தவை, பிரிக்க முடியாதவை’ என்றுதான் சொல்கிறது. 17.14 என்ற உள்இலக்கு கொள்கைகள் ஒன்றுக்கொன்று ஒத்திசைய வேண்டும் என்றே கேட்கிறது. எப்படி ஒத்திசைவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

## கூட்டுப்பலன்: ஒரே கல்லில் இரண்டு மாங்காய், ஆனால் கல் சரியாகப் பட வேண்டும்

ஓர் உள்இலக்கில் ஏற்படும் முன்னேற்றம் இன்னொன்றையும் முன்னே தள்ளினால் அது கூட்டுப்பலன். அதிகாரிகள் பேச்சில் ‘சினர்ஜி’.

நல்ல எடுத்துக்காட்டு சமையல் எரிபொருள். விறகும் சாணமும் கரியும் எரியும் அடுப்பின் புகை வீட்டுக்குள்ளேயே தங்குகிறது. வீட்டுக் காற்று மாசு 2020ஆம் ஆண்டில் சுமார் 32 லட்சம் பேரின் உயிரைப் பறித்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டது. 7.1 என்ற உள்இலக்கின்படி தூய எரிபொருள் கொடுத்தால் முதலில் புகையால் வரும் சாவு குறையும், அது 3.9. விறகு பொறுக்கப் போகும் மணிநேரங்கள் மிச்சமாகும். அவை பெரும்பாலும் பெண்களுடைய மணிநேரங்கள் என்பதால், கூலியில்லாத வீட்டு வேலையை மதிக்கச் சொல்லும் 5.4க்கு நல்லது. விறகுக்காகக் காடு அழிக்கப்படும் இடங்களில், காட்டைக் காக்கச் சொல்லும் 15.2க்கும் உதவும்.

இப்போது வலைக்கு விலை உண்டு என்றதை நினைவில் வையுங்கள். அடுப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு, சிலிண்டரை மீண்டும் நிரப்ப ஆகும் செலவை வீட்டார் தலையில் விட்டால் என்ன நடக்கும்? தேநீருக்குப் புதிய அடுப்பு, நெடுநேரம் வேக வேண்டியதற்குப் பழைய அடுப்பு என்று இரண்டும் சேர்ந்து ஓடும். உடல்நலப் பலன் பாதியில் கரைந்துவிடும், ஏனென்றால் புகை குறைவதற்கும் நோய் குறைவதற்கும் உள்ள தொடர்பு நேர்கோடு அல்ல. நிறைய புகையைக் கொஞ்சம் குறைத்தால் நோய் கொஞ்சம்கூடக் குறையாமல் போகலாம். பெருமளவு குறைத்தால்தான் தெரியும். ‘இத்தனை லட்சம் இணைப்புகள் கொடுத்தோம்’ என்ற குறிகாட்டி உயர்ந்துகொண்டே போகும். இணைப்பை எண்ணுகிறோம், நிரப்பிய சிலிண்டரை எண்ணுவதில்லை.

வடிவமைப்பால் கூட்டுப்பலனை வலிய உண்டாக்கவும் முடியும். பள்ளிக்கூடத்தில் உணவு கொடுத்தால் ஊட்டமும் வருகைப்பதிவும் சேர்ந்து உயரும் என்பது பழைய செய்தி. பிரேசில் 2009இல் ஒரு சட்டம் போட்டு, பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யவே செலவிட வேண்டும் என்று விதித்தது. புதிய செலவு பெரிதாக இல்லை. ஏற்கனவே செலவாகும் பணம் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை மாற்றினார்கள். உணவு, படிப்பு என்ற இரண்டோடு சிறு விவசாயி வருமானமும் சேர்ந்துகொண்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உறவைத் தலைப்பளவில் தேடாமல் உள்இலக்கு அளவில் தேட வேண்டும். கூட்டுப்பலன் தானாக விழுவதில்லை, நடுவே உள்ள சங்கிலிக் கண்ணிகள் அறுந்தால் அதுவும் அறுந்துவிடும்.

## விட்டுக்கொடுப்பு: இடிப்பது மூன்று வழியில்

ஒன்றில் முன்னேறும்போது இன்னொன்று பின்னுக்குப் போனால் அது விட்டுக்கொடுப்பு. ‘டிரேட் ஆஃப்’ என்பதைத்தான் இங்கே இப்படிச் சொல்கிறோம்.

எளிதில் கண்ணில் படுவது, இருவர் ஒரே பொருளுக்குக் கைநீட்டுவது. உலகம் முழுவதும் ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. அதே நீர்தான் குடிநீருக்கும் ஆலைக்கும் மீனுக்கும் வேண்டும். பணமும் நிலமும் அதிகாரிகளின் நேரமும்கூட இதே வகை. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் இதன் உச்சம். அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரை 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். பருத்தி விளைந்தது. உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த நீர்ப்பரப்பு சுருங்கி, மொய்னாக் என்ற துறைமுக ஊரின் படகுகள் மணலில் நின்றன. காய்ந்த தரையிலிருந்து உப்பும் பூச்சிக்கொல்லியும் கலந்த புழுதி ஊர்களுக்குள் பறந்தது.

கழிவு வழியாக இடிப்பது இரண்டாவது. வயலில் போடும் நைட்ரஜன் உரத்தில் பயிர் எடுத்துக்கொள்வது உலகச் சராசரியில் ஏறத்தாழ பாதிதான். மீதியில் ஒரு பகுதி மழையோடு ஆற்றுக்கும், ஆற்றோடு கடலுக்கும் போகிறது. அங்கே பாசி பெருகி, செத்து, அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் வாழ முடியாத பரப்பு உருவாகிறது. 2.3இல் பெற்ற விளைச்சல் 14.1இல் கடல் மாசாகக் கணக்கில் ஏறுகிறது. வயல்காரரும் மீனவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்பதால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

மூன்றாவது, விலை. கார்பன் வெளியேற்றத்தைக் குறைக்க எரிபொருள் வரியை உயர்த்தினால், காலநிலை மாற்றத்தைப் பற்றிய இலக்கு 13க்கு நல்லது. ஆனால் பேருந்து வராத ஊரில் இருந்துகொண்டு தினமும் வண்டியோட்டி வேலைக்குப் போகிறவர் அந்த வரியிலிருந்து தப்ப வழி இல்லை. பிரான்ஸில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்ததற்கு உடனடிக் காரணம் இப்படியொரு வரி உயர்வு. டிசம்பரில் அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008இல் கார்பன் வரி கொண்டுவந்தபோது, வசூலான பணத்தை வேறு வரிகளைக் குறைத்தும், வருமானம் குறைந்தவர்களுக்குத் தனிச் சலுகையாகவும் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டோடு தொடங்கியது. வரி அதே வரிதான். பணம் எங்கே திரும்பியது என்பதில்தான் வேறுபாடு.

## சூரிய பம்ப்: நன்மைக்குள் ஒளிந்த இடி

டீசல் பம்ப் வைத்திருப்பவர் ஒவ்வொரு மணிநேரம் ஓட்டும்போதும் பணம் எரிகிறது. அதனால் பயிருக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் ஓட்ட மாட்டார். சூரிய ஒளித் தகடு வைத்த பம்புக்கு மாறினால் புகை இல்லை, டீசல் செலவு இல்லை, 7.2இன் புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பங்கும் கூடும். எல்லாச் சதுரங்களையும் ஒட்டலாம்.

ஆனால் பணம் கொடுத்து நிறுவியபின் அடுத்த ஒரு மணிநேர நீருக்கு ஆகும் கூடுதல் செலவு சுழி. வெயில் இருக்கும்வரை ஓட்டினால் என்ன? அதிக நீர் குடிக்கும் பயிருக்கு மாறலாம், பக்கத்து வயலுக்கு விற்கலாம். டீசலின் விலை, நமக்கே தெரியாமல், ஒரு காவல்காரனாக நின்றிருந்தது. அந்தக் காவல்காரனை அனுப்பிவிட்டோம். நிலத்தடி நீர் நிறைந்து, கிணறு அதிகம் இல்லாத பகுதியில் இதே பம்ப் கொடுத்தால் சிக்கல் இல்லை, பலன்தான். நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும் பகுதியில் இடி.

இதற்கும் கம்பிவலை உண்டு. பம்பை மின்கட்டமைப்போடு இணைத்து, இறைக்காத நேரத்து மின்சாரத்தை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டால், இறைக்காமல் இருப்பதற்கும் வருமானம் கிடைக்கும். கொள்முதல் விலை மிகக் குறைவாக இருந்தால் நீரை விற்பதே லாபம், வலையில் ஓட்டை விழும்.

சொட்டுநீர்ப் பாசனத்திலும் இதே பொறி உண்டு. ஒரு வயலில் மிச்சமான நீரை வைத்து இன்னொரு வயலைச் சேர்த்துச் சாகுபடி செய்தால் மொத்த எடுப்பு குறையாது. முன்பு வழிந்தோடிக் கீழ்ப்பகுதிக் கிணறுகளில் ஊறிய நீரும் நின்றுபோகும். வயலுக்குள் சிக்கனம், படுகைக்குப் பற்றாக்குறை.

## செனகல் ஆற்றின் இறால்

உறவுகள் எவ்வளவு மறைவாக ஓடும் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான நிகழ்வு கிடைப்பது அரிது.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே 1986இல் டியாமா அணை கட்டி முடிக்கப்பட்டது. வறண்ட மாதங்களில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவராமல் தடுத்து, நெல்லுக்கும் கரும்புக்கும் நன்னீர் கொடுப்பது நோக்கம். இன்றைய கணக்கில் இலக்கு 2க்கும் 6க்கும் சதுரம் ஒட்டியிருப்பார்கள். நோக்கம் நிறைவேறவும் செய்தது.

ஆனால் உப்புநீர் வராததால் நன்னீர் நத்தைகள் ஆண்டு முழுவதும் வாழ இடம் கிடைத்தது. அந்த நத்தைகளுக்குள் வளரும் ஒட்டுண்ணி நீரில் இறங்கி, துவைக்கவும் குளிக்கவும் வருகிறவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிஸ்டோசோமியாசிஸ் என்ற நோய் இப்படித்தான் வருகிறது. ரிச்சர்ட் டோல் என்ற கரும்பு ஊரில் 1988இல் இந்நோயின் குடலைத் தாக்கும் வகை கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் வேகமாகப் பரவியது.

நத்தையைத் தின்னும் ஆற்று இறால் ஒன்று அங்கே உண்டு. வளர்ந்த இறால் நன்னீரில் வாழும். அதன் குஞ்சுகளுக்கோ உப்புக் கலந்த முகத்துவார நீர் வேண்டும். அணை அந்தப் பாதையை அடைத்துவிட்டது. நத்தைக்கு வீடும் கொடுத்து, நத்தையின் எதிரியையும் விரட்டியாயிற்று. போதாக்குறைக்கு வயல்களிலிருந்து வழியும் உரம் நீர்த்தாவரங்களைச் செழிக்கவைத்தது; அந்தத் தாவரங்களில்தான் நத்தைகள் அடைகின்றன.

அணையை இடிக்கவில்லை. கண்ணிகளைக் கண்டுபிடித்தவர்கள் அங்கேயே கைவைத்தார்கள். ஒரு கிராமத்தின் நீர்த்துறையில் இறாலைத் திரும்ப விட்டுப் பார்த்தபோது நோய்தாங்கிய நத்தைகளும் மக்களிடம் தொற்றும் குறைந்ததாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2023இல் வந்த இன்னோர் ஆய்வில், நீர்த்துறைகளில் அடர்ந்த தாவரங்களை வாரி எடுத்தார்கள். நத்தை குறைந்தது, பள்ளிப் பிள்ளைகளிடம் மறுதொற்று குறைந்தது. வாரிய தாவரம் மக்கி உரமாகவும் கால்நடைத் தீவனமாகவும் பயன்பட்டது. வயலிலிருந்து வழிந்த உரம் தாவரமாகி மீண்டும் வயலுக்கே வந்துவிட்டது. உணவுக்கும் உடல்நலத்துக்கும் இடையில் நின்ற இடி, அதே இரண்டுக்கும் கூட்டுப்பலனாகப் புரண்டது.

அணைக்கான திட்ட மேசையில் நீர்ப் பொறியாளர் இருந்திருப்பார், வேளாண் அதிகாரி இருந்திருப்பார். நத்தையைப் பற்றித் தெரிந்தவரை யார் கூப்பிடுவார்கள்?

## மதிப்பெண் போடுவது எப்படி

இந்த உறவுகளை ஒரே அளவுகோலில் பதிவுசெய்ய, மான்ஸ் நில்சன், டேவ் கிரிக்ஸ், மார்ட்டின் விஸ்பெக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2016இல் ஏழு படிகள் கொண்ட முறையொன்றை முன்வைத்தார்கள். இன்று பரவலாகப் பயன்படுவது அதுதான்.

மேல்நுனியில் +3: ஒன்றில்லாமல் மற்றது இல்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதும் அவர்கள் தலைமைப் பொறுப்புக்கு வருவதும் இப்படிப் பின்னியவை. +2 என்றால் ஒன்று மற்றதை நேரடியாக வலுவாக்கும். +1 என்றால் வாசலைத் திறந்துவிடும், உள்ளே போவது நம் வேலை. வீட்டுக்கு மின்விளக்கு வந்தால் இரவில் படிக்க முடியும், படிப்பார்கள் என்று பொருள் இல்லை. சுழி என்றால் குறிப்பிடத்தக்க உறவு இல்லை. −1 கையைக் கட்டும், −2 எதிர்த்திசையில் இழுக்கும், −3 மற்றதை அடையவே முடியாமல் செய்யும். ஒரு காட்டை முழுவதுமாக ஆள் நுழையாத காப்பகமாக்கினால், அந்தக் காட்டுக்குள் வாழ்வாதார உரிமை தருவது என்ற இலக்கு அங்கே அழிந்துபோகும்.

சர்வதேச அறிவியல் மன்றம் 2017இல் இதே அளவுகோலை வைத்து, பசி, உடல்நலம், எரிசக்தி, கடல் ஆகிய நான்கு இலக்குகளை மையமாக்கி 316 உறவுகளை ஆராய்ந்தது. 238 சாதகம், 66 பாதகம், 12 நடுநிலை. சாதகம் அதிகம் என்பது ஆறுதல்தான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ஆபத்து. 66இல் ஒன்று −3ஆக இருந்தால் அது பத்து +1களைச் சாப்பிட்டுவிடும்.

நடைமுறையில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பார்க்க முடியாது. 169 உள்இலக்குகளில் ஒவ்வொன்றும் மற்ற 168ஐ எப்படிப் பாதிக்கிறது என்று பார்த்தால் 28,392 கட்டங்கள். ஸ்வீடனுக்காக நடந்த ஓர் ஆய்வில் 34 உள்இலக்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கே 1,122 கட்டங்கள். முதல்முறை செய்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றை மட்டும் வைத்து ஒரு சிறு கணக்குப் போடலாம். நீர்மட்டம் இறங்கும் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்கள் விளக்கத்துக்காக நாமே போட்டவை.

விளைச்சலைப் பெருக்குவது நீரை −2ஆகப் பாதிக்கிறது, சூரிய எரிசக்தியைப் பாதிக்கவில்லை, சுழி. நீரைக் காப்பது நெடுநாளில் விளைச்சலுக்கு +2, எரிசக்திக்குச் சுழி. சூரிய எரிசக்தியைப் பெருக்குவது பம்ப் வழியாக விளைச்சலுக்கு +2, நீருக்கு −1.

இப்போது இரண்டு கூட்டல். ஒவ்வொன்றும் மற்றவற்றுக்கு என்ன செய்கிறது என்று கூட்டினால்: விளைச்சல் −2, நீர் +2, எரிசக்தி +1. ஒவ்வொன்றும் மற்றவற்றிடமிருந்து என்ன பெறுகிறது என்று கூட்டினால்: விளைச்சல் +4, நீர் −3, எரிசக்தி சுழி. நீர் கொடுப்பது +2, பெறுவது −3. எல்லாரும் அதன்மேல் சாய்ந்திருக்கிறார்கள், அதைத் தாங்க ஆள் இல்லை. திட்டத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது எது என்று அட்டவணையே காட்டிவிடுகிறது.

இன்னொரு படி உள்ளே போனால் எரிசக்தி நீரைத் தொடுவது −1 மட்டும் அல்ல. அது விளைச்சலை உயர்த்துகிறது, உயர்ந்த விளைச்சல் மீண்டும் நீரை எடுக்கிறது. இதுதான் சுற்றுவழி விளைவு. செனகலில் நத்தை வந்ததும் இந்தச் சுற்றுவழியில்தான்.

மீண்டும் சுருக்கமாக: உறவுக்குத் திசை உண்டு, நீர் விளைச்சலுக்குச் செய்வதும் விளைச்சல் நீருக்குச் செய்வதும் ஒன்றல்ல. அட்டவணையின் கிடைவரிசையில் கூட்டினால் யார் கொடுப்பவர் என்று தெரியும், மேலிருந்து கீழாக நிரலில் கூட்டினால் யார் அடிவாங்குபவர் என்று தெரியும்.

## எங்கே சறுக்குகிறது

புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து உறவைத் தீர்மானிப்பது அடிக்கடி நடக்கும் சறுக்கல். இரண்டு குறிகாட்டிகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து ஏறினால் அதைக் கூட்டுப்பலன் என்று குறித்துவிடுவார்கள். 2017இல் வந்த பெரிய ஆய்வொன்று, இணைப்பெண் (இரண்டு எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் எண்) 0.6க்கு மேல் இருந்தால் கூட்டுப்பலன், −0.6க்குக் கீழ் இருந்தால் விட்டுக்கொடுப்பு என்று பிரித்தது. வறுமை ஒழிப்பு பெரும்பாலான இலக்குகளோடு சேர்ந்து நகர்வதையும், பொறுப்பான நுகர்வு என்ற இலக்கு 12 அதிகமாக எதிர்த்திசையில் நகர்வதையும் அது காட்டியது. எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும் வகையில் பயனுள்ள வரைபடம். ஆனால் சேர்ந்து நகர்வது ஒன்று, ஒன்றால் மற்றது நகர்வது வேறு. நாட்டின் வருமானம் ஏறினால் கைப்பேசியும் ஏறும், தடுப்பூசியும் ஏறும். கைப்பேசி கொடுத்தால் அம்மை போகாது.

காலத்தை மறப்பது அடுத்தது. மீன்பிடிக்கத் தடைசெய்த கடற்பகுதியில் முதல் சில ஆண்டுகள் மீனவருக்கு இழப்புதான். மீன்வளம் மீண்டு எல்லைக்கு வெளியே வரத் தொடங்கிய பிறகுதான் பலன். 20 ஆண்டுக் கணக்கில் +2, முதல் மூன்று ஆண்டில் −2. அட்டவணையில் ஒரே எண்ணைப் போட்டால் அந்த மூன்று ஆண்டுகள் யார் சோறு போடுவது என்ற கேள்வி மறைந்துபோகும்.

இலங்கையில் 2021இல் நடந்ததும் காலக் கணக்கின் பிழைதான். ரசாயன உரத்தைக் குறைப்பது மண்ணுக்கும் நீருக்கும் நல்லது என்பதில் தவறு இல்லை. ஆனால் ஏப்ரலில் அறிவித்து, மே மாதமே இறக்குமதியைத் தடைசெய்தார்கள். மாற்று உரம் அந்த அளவில் உற்பத்தியாகவில்லை. மண் பழகுவதற்குப் பருவங்கள் தேவை. நெல்லும் தேயிலையும் சரிந்தன, அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது, நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். பத்தாண்டில் படிப்படியாகச் செய்தால் கூட்டுப்பலனாக இருக்கக்கூடிய ஒன்று ஒரே பருவத்தில் செய்ததால் விட்டுக்கொடுப்பாயிற்று.

அப்புறம், கழித்துக் கூட்டுவது. ‘உடல்நலத்தில் −2, வேலைவாய்ப்பில் +3, ஆக மொத்தம் +1’ என்று எழுதப்பட்ட கோப்புகள் உண்டு. வேலை கிடைத்தவர் ஓர் ஊர், நோய் வந்தவர் ஆற்றுக்குக் கீழே இன்னோர் ஊர். இரண்டு பேரின் கணக்கை ஒரே பேரேட்டில் எழுதிக் கழிக்கக் கூடாது. எண்ணுக்குப் பக்கத்தில் ‘யாருக்கு’ என்று ஒரு கட்டம் சேர்த்தாலே இந்தத் தந்திரம் செல்லாது.

## திட்டம் போடுகிறவர் மேசையில்

ஐ.நா.வின் 2024 அறிக்கைப்படி, மதிப்பிட முடிந்த உள்இலக்குகளில் 17 சதவீதம்தான் சரியான பாதையில் இருந்தன. பணமும் நேரமும் குறுகிய நிலையில், ஒன்றில் போட்ட பணம் இன்னொன்றைக் கெடுத்து அதைச் சரிசெய்ய மூன்றாவது திட்டம் போடும் ஆடம்பரம் எந்த அரசுக்கும் கட்டுபடியாகாது. அதனால் மேசையில் என்ன நடக்க வேண்டும்?

திட்டத்தை ஒரே வாக்கியத்தில், வழியும் இடமும் அளவும் சேர்த்து எழுதிக்கொள்வது முதல் வேலை. ‘பாசனத்தை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் எந்த மதிப்பெண்ணும் போட முடியாது. பிறகு அது தொடக்கூடிய பத்துப் பன்னிரண்டு உள்இலக்குகளைத் துறை வாரியாக எடுங்கள். பத்திலும் சாதகம் மட்டுமே வந்தால் பட்டியல் தவறு. எதிர்மறையாக வர வாய்ப்புள்ள மூன்றையாவது வலிய சேர்க்க வேண்டும். மதிப்பெண்ணை ஒரே துறை போடக் கூடாது; இரண்டு குழுக்கள் தனித்தனியே போட்டு, எங்கே இரண்டு படிக்கு மேல் வேறுபடுகிறதோ அங்கே மட்டும் உட்கார்ந்து பேசினால் போதும். பெரும்பாலான புதையல் அந்த வேறுபாட்டில்தான் கிடக்கும்.

−2, −3 வந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் அடுத்த கேள்வி: இது இயற்கையின் கட்டா, நம் வடிவமைப்பின் கட்டா? ஒரே ஏக்கரில் காடும் கரும்பும் ஒன்றாக இருக்க முடியாது; அது முதல் வகை, அங்கே தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும், இழப்பவருக்கு ஈடு தரத்தான் வேண்டும். பம்பு நீரை வற்றச்செய்வது இரண்டாம் வகை. விலை, வேகம், இடம், வரிசை ஆகிய நான்கில் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். குடிநீர் போன்ற சிலவற்றுக்கு ‘இதற்குக் கீழே இறங்கக் கூடாது’ என்ற தரைமட்டத்தை முன்கூட்டியே எழுதிவைத்து, அதைத் தொட்டால் திட்டம் நிற்கும் என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்.

கடைசியாகக் கட்டங்களை நிரப்பும்போது ஒரு சிறு விஷயம். உறவு இல்லை என்று தெரிந்தால் சுழி போடுங்கள். தெரியவில்லை என்றால் சுழி போடாதீர்கள், கேள்விக்குறி போடுங்கள். அட்டவணையில் இரண்டும் காலி மாதிரியே தெரியும். டியாமா அணைக்கு 1986க்கு முன் இப்படியோர் அட்டவணை போட்டிருந்தால், அணைக்கும் நோய்க்கும் நடுவிலிருந்த கட்டத்தில் பெரும்பாலும் ஒரு சுழிதான் இருந்திருக்கும்.